கல்மிக்கியா தனி நாடா, ரஷ்யாவின் மாநிலமா? ஐரோப்பாவில் இருக்கும் அந்தப் பகுதிக்கு பௌத்தர்கள் எப்படி வந்தார்கள்? போய்ப் பார்க்கலாமா?

தனி நாடு இல்லை. ரஷ்யக் கூட்டமைப்பில் உள்ள ஒரு குடியரசு. சொந்தமாக அரசியல் சாசனம், கொடி, சட்டமன்றம், ரஷ்ய மொழியோடு கல்மிக் மொழியும் ஆட்சிமொழி என்று காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. பணமும் போலீசும் மாஸ்கோவின் கையில். சொந்த வருமானம் குறைவான பகுதி என்பதால், மத்திய அரசு அனுப்பும் மானியம் வராவிட்டால் ஆசிரியர் சம்பளமே திண்டாட்டம்தான்.

நான் மருத்துவம் படித்தது பக்கத்து மாகாணமான அஸ்திரகானில். கூடப் படித்த ஒரு கல்மிக் நண்பனோடு அவன் ஊரான எலிஸ்தாவுக்குப் போய் வந்திருக்கிறேன். புள்ளிவிவரங்களை எங்கே வேண்டுமானாலும் தேடி எடுத்துக்கொள்ளலாம். அந்த எண்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் நிலம். காஸ்பியன் கடலுக்கு வடமேற்கே சுமார் 75,000 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் அஸ்திரகான், வோல்கோகிராத், ரஸ்தோவ், ஸ்தாவ்ரபோல், தாகெஸ்தான். 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2,67,133. சதுர கிலோமீட்டருக்கு நாலு பேர்கூடத் தேற மாட்டார்கள். அதிலும் ஐந்தில் இரண்டு பேர் தலைநகர் எலிஸ்தாவில் இருக்கிறார்கள். நகரம் என்று சொல்ல எலிஸ்தாவை விட்டால் கடலோரப் பக்கம் லகான், மேற்கே கரதவிகோவ்ஸ்க், அவ்வளவுதான். மற்றதெல்லாம் 13 ரயோன்கள், அதாவது மாவட்டங்கள். அவற்றில் சில ஊர்கள், ஊர்களுக்கு நடுவே புல்வெளி.

அஸ்திரகானிலிருந்து எலிஸ்தாவுக்கு 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. வாடகை வேனில் போவோம். வோல்காவை விட்டு மேற்கே திரும்பியதும் மரம் என்பதே கண்ணில் படாது. கிழக்குக் கல்மிக்கியா முழுக்கக் காஸ்பியன் தாழ்நிலம், கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது. வழியில் முதலில் ஹுல்ஹுத்தா வரும். 1942இல் ஜெர்மன் படை அஸ்திரகானை நோக்கி வந்து நின்றுபோன இடம் அது, இப்போது நினைவுச்சின்னம் இருக்கிறது. அதைத் தாண்டினால் உத்தா என்று ஒரு சின்ன ஊர். ரஷ்யா என்றாலே பனி என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: 2010 ஜூலை 12 அன்று இந்த உத்தாவில் 45.4 டிகிரி வெயில் பதிவானது. குளிர்காலத்தில் இதே சாலையில் காற்று ஆளைத் தள்ளும், கண்ணிமையில் பனி உறையும். மேற்கே போகப் போக நிலம் ஏறி எர்கெனி மேடு வரும். அந்த மேட்டு ஓரத்தில்தான் எலிஸ்தா. அதற்கும் மேற்கே யஷால்தா, கரதவிகோவ்ஸ்க் பக்கம் கரிசல் மண், கோதுமை விளையும்.

தண்ணீர்தான் பெரிய பிரச்சினை. கிழக்கில் ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதிகம். கிணறு தோண்டினால் உப்பு. ஐரோப்பாவின் பெரிய ஆறான வோல்கா இந்தக் குடியரசைத் தொடுவது சகான் அமான் என்ற ஊருக்குப் பக்கத்தில் கொஞ்ச தூரம் மட்டும். வோல்காத் தண்ணீரைக் கால்வாய் வெட்டி சோக்ராய் நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோக 1980களில் வேலை தொடங்கினார்கள். மண் உப்பாகிப்போகும், சைகா மான்களின் பாதை மறிக்கப்படும் என்று எதிர்ப்பு கிளம்பி 1989இல் நின்றுபோனது.

சோவியத் காலத்தில் செய்த இன்னொரு வேலை இன்றுவரை தொல்லை கொடுக்கிறது. 'கருநிலம்' என்று அவர்கள் சொல்லும் தென்கிழக்குப் புல்வெளி, குளிர்காலத்தில் பனி அதிகம் மூடாத மேய்ச்சல் நிலம். அங்கே நிலம் தாங்காத அளவுக்கு ஆடுகளை, அதுவும் கூர்க்குளம்பு மெரினோ ஆடுகளை, ஆண்டு முழுக்க மேய விட்டார்கள். பக்கத்து மாகாணங்களின் மந்தைகளும் வந்தன. உழக் கூடாத மணல் மண்ணை உழுதார்கள். விளைவு, மனிதன் உண்டாக்கிய ஐரோப்பாவின் முதல் பாலைவனம் என்று பெயர் வாங்கியது. சோவியத் உடைந்து ஆடுகள் குறைந்ததும் புல் திரும்பி வந்தது. இப்போது மந்தைகள் மறுபடி பெருகி, மண்ணும் மறுபடி பறக்கிறது. அஸ்திரகானில் இருந்தபோது சில நாட்கள் ஜன்னலைத் திறக்கவே முடியாது, மேசை மேல் மஞ்சளாகப் படிந்துவிடும். இந்த மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதி யாருக்குச் சொந்தம் என்று அஸ்திரகானுக்கும் கல்மிக்கியாவுக்கும் பல ஆண்டு வழக்கே நடந்திருக்கிறது.

சரி, பௌத்தர்கள் எப்படி வந்தார்கள்? கல்மிக்குகள் மேற்கு மங்கோலியர்களான ஒய்ராத்துகளின் வழிவந்தவர்கள். இன்றைய சீனாவின் வடமேற்கில் உள்ள ஜுங்காரியா பக்கமிருந்து, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மந்தைகளோடு மேற்கே நகர்ந்து வோல்கா கரைக்கு வந்தார்கள். திபெத்திய பௌத்தம் அவர்களோடு வந்தது. ஜார் மன்னர்களுக்குக் குதிரைப்படை அனுப்பிக்கொண்டு, பெரும்பாலும் தங்கள் கான்களின் கீழேயே இருந்தார்கள். கெடுபிடி அதிகமானதும் 1771 ஜனவரியில் உபாஷி கான் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் திரட்டிக்கொண்டு பழைய தாயகத்துக்கே கிளம்பிவிட்டார். வழியில் பசி, குளிர், கசாக்குகளின் தாக்குதல். போய்ச் சேர்ந்தவர்கள் பாதிக்கும் குறைவு. அந்தக் குளிர்காலத்தில் வோல்கா சரியாக உறையவில்லை, அதனால் மேற்குக் கரையில் இருந்தவர்களால் ஆற்றைக் கடக்க முடியவில்லை என்று சொல்வார்கள். இன்றைய கல்மிக்குகள் பெரும்பாலும் அப்படித் தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள். கேத்தரின் பேரரசி அதோடு கானரசை ஒழித்துவிட்டார்.

1920இல் சோவியத் அரசு தன்னாட்சிப் பகுதி கொடுத்தது, 1935இல் அது தன்னாட்சிக் குடியரசானது. அதற்கு எட்டே ஆண்டுதான் ஆயுள். போரில் ஜெர்மானியர்களோடு சேர்ந்துகொண்டார்கள் என்று மொத்த இனத்தின் மேலும் பழி போட்டு, 1943 டிசம்பர் 28 அதிகாலையில் வீடு வீடாகப் புகுந்து எல்லோரையும் மாடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் ஏற்றினார்கள். 90,000 பேருக்கு மேல். ஓம்ஸ்க், நவசிபீர்ஸ்க், அல்தாய், கிராஸ்நயார்ஸ்க் என்று சைபீரியா முழுக்கச் சிதறடித்தார்கள். செஞ்சேனையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த கல்மிக் வீரர்களையும் போர்முனையிலிருந்து திருப்பி அழைத்து, அணை கட்டும் முகாம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். குடியரசையே வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டு நிலத்தைப் பக்கத்து மாகாணங்களுக்குப் பங்கு போட்டார்கள். எலிஸ்தாவின் பெயர் ஸ்தெப்னோய் ஆனது. நான் படித்த அஸ்திரகான் மாகாணம் ஒரு தனி மாகாணமாக உருவானதே இதே உத்தரவில்தான். அங்கே படிக்கிற காலத்தில் இதை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. நண்பன் சொல்லித்தான் தெரியும்.

அவன் வீட்டில் ஒரு நாள் பழைய ஆவணங்கள் இருந்த தகரப் பெட்டியை எடுத்துக் காட்டினார்கள். தாத்தா பிறந்தது கல்மிக்கியாவின் ஒரு புல்வெளிக் கிராமம். பாட்டி பிறந்தது நவசிபீர்ஸ்க். பாட்டியின் தம்பி கிராஸ்நயார்ஸ்க். அவன் அப்பா எலிஸ்தா. பிறந்த ஊர் என்ற ஒரு கட்டத்தைப் பார்த்தாலே ஒருவர் எந்தத் தலைமுறை என்று சொல்லிவிடலாம். 1944க்கும் 1957க்கும் இடையில் பிறந்த கல்மிக் என்றால் பிறந்த இடம் அநேகமாகச் சைபீரியாதான். பாட்டிக்குப் பள்ளிக்கூடமே ரஷ்ய மொழியில்தான். கல்மிக் புரியும், பேசுவார், எழுத வராது. பேரனுக்கு அதுவும் இல்லை, சாப்பாட்டுப் பெயர்களும் உறவுமுறைகளும் மட்டும் தெரியும். அழியும் ஆபத்தில் உள்ள மொழிகள் வரிசையில் யுனெஸ்கோ கல்மிக்கைச் சேர்த்ததற்கு அந்தச் சாப்பாட்டு மேசையே சாட்சி.

பேச்சுக்கு நடுவே அந்தப் பாட்டி ஜோம்பா கொடுத்தார். கட்டித் தேயிலையைக் கொதிக்க வைத்து, பால், வெண்ணெய், உப்பு போட்டு, மேலே கொஞ்சம் ஜாதிக்காய். சர்க்கரை கிடையாது. டீ என்று நினைத்துக் குடித்தால் தூக்கிவாரிப்போடும், சூப் என்று நினைத்துக் குடித்தால் அருமை. கூடவே போர்த்சக் என்று எண்ணெயில் பொரித்த மாவுப் பண்டம்.

ஸ்டாலின் இறந்த பிறகு 1957இல் திரும்பி வரவிட்டார்கள், 1958இல் குடியரசு மறுபடி உயிர்பெற்றது. ஆனால் வோல்கா கரையோரமாக இருந்த இரண்டு மாவட்டங்கள் அஸ்திரகானோடே நின்றுவிட்டன. ஆற்றுப் பக்கத்து நிலம் போய் வறண்ட நிலம் மிஞ்சியதற்கு இதுவும் ஒரு காரணம். இப்போது கணக்கெடுப்பைப் பாருங்கள், கதை புரியும். 1959இல் தங்கள் சொந்தக் குடியரசில் கல்மிக்குகள் 35 சதவீதம், ரஷ்யர்கள் 56. 1989இல் 45. 2002இல்தான் பாதியைத் தாண்டினார்கள். 2021இல் 60 சதவீதத்துக்கு மேல். 1989க்குப் பிறகு வந்த ஏற்றத்தை, கல்மிக்குகள் பெருகிவிட்டார்கள் என்று வாசிக்கக் கூடாது. ரஷ்யர்கள் கிளம்பிப் போனார்கள், அதனால் விகிதம் கூடியது. மொத்த மக்கள்தொகை 1989இல் 3,22,000 இருந்தது, இப்போது அதில் அரை லட்சத்துக்கு மேல் காணோம். கல்மிக் இளைஞர்களும் மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க் என்று போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். எங்கள் வகுப்பில் இருந்த கல்மிக்குகளில் ஊர் திரும்பிய டாக்டர்கள் ரொம்பக் குறைவு. கிழக்குப் புல்வெளியில் ஆடு மேய்ப்பவர்களில், காக்கசஸ் மலைப் பக்கத்து இனங்களான தார்கின், செச்சென் குடும்பங்கள் நிறைய. கசாக்குகளும் உண்டு.

நிர்வாகத்துக்கு வருவோம். சட்டமன்றத்தின் பெயர் மக்கள் ஹுரல், 27 உறுப்பினர்கள். 1993இல் கிர்சான் இல்யும்ஜினோவ் என்ற இளம் பணக்காரர் அதிபரானார். செஸ் ரசிகர்களுக்கு இந்தப் பெயர் அத்துபடி, 1995 முதல் 2018 வரை உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் தலைவரும் இவர்தான். வேற்றுக்கிரகவாசிகள் தன்னைத் தூக்கிப் போனார்கள் என்று பேட்டி கொடுத்தவரும் இவரே! பள்ளிகளில் செஸ்ஸைப் பாடமாக்கினார். எலிஸ்தாவின் ஓரத்தில் 'செஸ் நகரம்' என்று வில்லாக்களும் கண்ணாடி அரங்கமும் கட்டி 1998 ஒலிம்பியாடை நடத்தினார். கட்டடம் முடியாமல் போட்டி தாமதமாகத்தான் தொடங்கியது. சம்பளப் பாக்கி நிற்கிற ஊரில் இந்தச் செலவு தேவையா என்று கேட்டவர்கள் உண்டு. ஊழலைத் துருவி எழுதிய பத்திரிகை ஆசிரியர் லரீசா யூதினா அந்த ஆண்டு ஜூனில்தான் கொல்லப்பட்டார், அதிபரின் முன்னாள் உதவியாளர்கள் தண்டிக்கப்பட்டார்கள். செஸ் நகரத்தைப் பற்றி ஆகா ஓகோ என்று எழுதுபவர்கள் இதை விட்டுவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை. 2006இல், கிராம்னிக் அடிக்கடி கழிப்பறைக்குப் போகிறார் என்று தப்பலோவ் தரப்பு புகார் சொல்லிச் சண்டையான உலகப் பட்டப் போட்டியும் எலிஸ்தாவில்தான். அதில் ஜெயித்த கிராம்னிக்கைத்தான் 2008இல் நம் ஆனந்த் வீழ்த்தினார்.

2019இலிருந்து தலைவர், கிக்பாக்ஸிங் சாம்பியனாக இருந்த பாத்து ஹசிகோவ். வந்த ஆண்டே, உக்ரைனின் தனெத்ஸ்க் பிரிவினைவாத நிர்வாகத்தில் இருந்த திமித்ரி திரபேஸ்னிகோவை எலிஸ்தா நகர நிர்வாகத் தலைவராகக் கொண்டுவந்தார். நகரமே சதுக்கத்துக்கு வந்துவிட்டது. ஒரு லட்சம் பேர் உள்ள ஊரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். நியமனம் மாறவில்லை. குடியரசு என்ற சொல்லுக்கு நடைமுறையில் எவ்வளவு பலம் என்று கேட்டால் இந்தச் சம்பவத்தைத்தான் காட்டுவேன்.

மத விஷயத்திலும் அப்படித்தான். 1992 முதல் தலைமை லாமாவாக இருந்த தெலோ துல்கு ரின்போச்சே அமெரிக்காவுக்குக் குடியேறிய கல்மிக் குடும்பத்தில் பிலடெல்பியாவில் பிறந்தவர், படித்தது கர்நாடகாவின் முண்டகோட்டில் உள்ள திபெத்திய மடத்தில். சோவியத் காலத்தில் கோயில் என்று ஒன்றுகூட விடப்படாத இடத்தில் பௌத்தத்தை மறுபடி நிலைநிறுத்தியதில் இவருக்குப் பெரிய பங்கு. உக்ரைன் போரை எதிர்த்துப் பேசியதால் 2023 ஜனவரியில் ரஷ்யா இவரை 'வெளிநாட்டு முகவர்' என்று அறிவித்தது, பதவியை விட்டார்.

போவதாக இருந்தால் ஏப்ரல் நடுவில் போங்கள், புல்வெளி முழுக்கக் காட்டு டியூலிப் பூத்திருக்கும். பறிக்காதீர்கள், பாதுகாக்கப்பட்ட செடி. ரயிலை நம்ப வேண்டாம், மாஸ்கோவிலிருந்து விமானம் அல்லது வோல்கோகிராத், அஸ்திரகானிலிருந்து வேன். எலிஸ்தாவில் 2005இல் திறந்த 63 மீட்டர் உயர புத்தர் கோயிலுக்கு எல்லோரும் போவார்கள், நீங்களும் போங்கள். லெனின் சதுக்கத்தில் உள்ள பகோடாவில் பிரார்த்தனை உருளையைச் சுற்றிவிட்டுத் திரும்பினால் லெனின் நின்றுகொண்டிருப்பார். ஆனால் நேரம் குறைவு என்றால், சிற்பி எர்னஸ்ட் நெயிஸ்வெஸ்த்னி செய்த 'வெளியேற்றமும் திரும்புதலும்' வெண்கல நினைவுச்சின்னத்தை முதலில் பாருங்கள். டிசம்பர் 28 அன்று போனால் மொத்த ஊரும் அங்கேதான் இருக்கும், கையில் கேமராவோடு போக வேண்டிய நாள் அது இல்லை.