அம்பத்தூர் ஃபிளாட்டை விற்றுவிட்டுக் கோத்தகிரியில் குடியேறலாமா?

கேள்வி: எனக்கு 58 வயது. அம்பத்தூரில் தனியார் தொழிற்சாலை ஒன்றில் 31 வருடம் வேலை பார்த்துவிட்டு வரும் மார்ச்சில் ஓய்வு பெறுகிறேன். மனைவிக்கு 55 வயது. குளிர் காலத்தில் அவருக்கு வீசிங் வரும். எனக்கு இரண்டு வருடம் முன்பு ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரே மகள், பெங்களூரில் குடும்பத்தோடு இருக்கிறாள். பி.எஃப்., கிராஜுவிட்டி சேர்த்து 64 லட்சம் வரும். மியூச்சுவல் ஃபண்டில் 24 லட்சம், வங்கி டெபாசிட்டில் 12 லட்சம், இ.பி.எஸ். பென்ஷன் மாதம் 4,900. குடியிருக்கும் ஃபிளாட்டை 2006-ல் 21 லட்சத்துக்கு வாங்கினோம், இன்று 95 லட்சம் போகும். வாடகைக்கு விட்டால் 20,000 வரும்.

கடைசிக் காலத்தை ஒரு சின்ன மலை ஊரில் கழிக்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் வெகுநாள் ஆசை. கோத்தகிரியில் ஒரு வீடு பார்த்தோம், 70 லட்சம் சொல்கிறார்கள். மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஏற்காடு, கொடைக்கானலும் யோசனையில் உள்ளன. கோத்தகிரி வீட்டுக்காரர், இப்போது வாங்காவிட்டால் மாதம் 16,000-க்கு வாடகைக்கு விடுகிறேன் என்கிறார். மாதம் 38,000-ல் குடும்பத்தை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். ஃபிளாட்டை விற்று அந்த வீட்டை வாங்கலாமா? எந்த ஊர் சரி?

பதில்: போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் என் கண்ணில் முதலில் பட்டது. வீட்டுக்காரர் 16,000-க்கு வாடகைக்கு விடத் தயார் என்கிறீர்களே, அதுதான். ஊர் எது என்பதை அப்புறம் பார்ப்போம், முதலில் இந்த 16,000-ஐ வைத்து ஒரு கணக்குப் போடலாம்.

வாங்குவதென்றால் 70 லட்சத்தோடு நிற்காது. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 6.3 லட்சம். மலை வீடு என்றால் கூரை, கழிவு நீர்த் தொட்டி, தடுப்புச் சுவர் என்று ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும், அதற்கு 8 லட்சம் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 84 லட்சத்தைத் தாண்டுகிறது. ஃபிளாட் விற்ற 95 லட்சத்தில் கையில் மிஞ்சுவது 10 லட்சம் சொச்சம். அதை வங்கியில் போட்டால் மாதம் 6,000-க்குக் கொஞ்சம் குறைவாக வட்டி வரும். வீட்டு வரிக்கும் வருடா வருடம் பெயின்ட், பூஞ்சணம், ஒழுகல் பார்ப்பதற்குமே அது சரியாகப் போய்விடும்.

வாடகைக்குப் போவதென்றால்? அம்பத்தூர் ஃபிளாட்டில் 20,000 வாடகை. மெயின்டனன்ஸ், சொத்து வரி, ஆள் மாறும்போது காலியாகக் கிடக்கும் மாதம் எல்லாம் போக 15,500 நிற்கும் என்று வைப்போம். மேலே கொடுக்க வேண்டியது 16,000. கையைக் கடிப்பது மாதம் 500 ரூபாய்! அந்த ஐநூறு ரூபாய்க்கு, எப்போது வேண்டுமானாலும் விற்கக்கூடிய ஒரு சென்னை ஃபிளாட் உங்கள் பெயரிலேயே இருக்கும். மலையில் வீடு வாங்குவது சுலபம், விற்பதுதான் கஷ்டம். வாங்குபவர்களில் பாதிப் பேர் உங்களைப் போல ஆசைப்பட்டு வருகிறவர்கள், அவசரத்துக்கு அவர்கள் கிடைக்க மாட்டார்கள். என்னிடம் வந்த ஒரு தம்பதி குன்னூர்ப் பக்கத்து வீட்டை விற்க மூன்று வருடம் அலைந்தார்கள். ரோட்டிலிருந்து 46 படி இறங்க வேண்டிய வீடு. வாங்கும்போது அவர்களுக்கு 60 வயது, படி ஒரு அழகாகத் தெரிந்தது. முழங்கால் வலி வந்த பிறகு கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவருக்கு ஒவ்வொரு தடவையும் தனியாகக் காசு கொடுத்தார்கள்.

வரியைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டை விற்றால் இரண்டு வழிகளில் கணக்கிட்டு, எதில் வரி குறைவோ அதைக் கட்டலாம். 2025-26 கணக்கில் பார்த்தால், பணவீக்கத்தைக் கழிக்காத வழியில் லாபம் 74 லட்சம், 12.5% வரி 9.25 லட்சம். பணவீக்கக் குறியீட்டு வழியில் 21 லட்சம் என்பது 64.7 லட்சமாக உயர்கிறது (2006-07-ன் குறியீடு 122, 2025-26-க்கு 376). லாபம் சுமார் 30.3 லட்சம், 20% வரி 6 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். இரண்டிலும் செஸ் தனி. 12 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்களே என்று கேட்காதீர்கள், அந்தத் தள்ளுபடி இந்த லாபத்துக்குக் கிடையாது.

விற்ற பணத்தில் இன்னொரு வீடு வாங்கினால் இந்த வரியே வராது. பிரிவு 54 என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். விற்பதற்கு ஒரு வருடம் முன்போ, விற்ற இரண்டு வருடத்துக்குள்ளோ வாங்க வேண்டும். உங்கள் கணக்கில் 70 லட்சமும் பதிவுச் செலவும் சேர்ந்து 76.3 லட்சம், 74 லட்ச லாபம் முழுக்க விலக்காகிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புது வீட்டை மூன்று வருடத்துக்குள் விற்றால், விலக்கு வாங்கிய 74 லட்சத்தை அதன் வாங்கிய விலையிலிருந்து கழித்துவிடுவார்கள். அதாவது நீங்கள் 76.3 லட்சம் போட்ட வீட்டின் விலை வரித்துறைக் கணக்கில் வெறும் 2.3 லட்சம். வாங்கிய அதே 70 லட்சத்துக்கே விற்றாலும் 67.7 லட்சம் லாபம் என்று எழுதுவார்கள். இரண்டு வருடத்துக்குள் விற்றால் இன்னும் மோசம், அது குறுகிய கால லாபமாகி உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்து வரி விழும்.

மலை ஊர் நமக்கு ஒத்துவருமா, வராதா என்று தெரிவது முதல் மூன்று வருடத்தில்தான். அந்த மூன்று வருடம்தான் வெளியே வர முடியாமல் கட்டிப்போடுகிறது. முதலில் வாடகைக்கு இருந்துவிட்டு, பிடித்துப்போன பிறகு ஃபிளாட்டை விற்று வீடு வாங்கினால் இதே வரிவிலக்கு அப்போதும் கிடைக்கும். இன்றைக்கு அவசரப்பட எந்தக் காரணமும் இல்லை.

சரி, ஊருக்கு வருவோம்.

மலை ஊரைப் பார்க்கப் போகிறவர்கள் ஏறும் வழியைப் பார்க்கிறார்கள். நான் இறங்கும் வழியைப் பார்க்கச் சொல்வேன். அதுவும் உங்கள் நெஞ்சில் ஒரு ஸ்டென்ட் இருக்கும்போது, ராத்திரி இரண்டு மணிக்கு, மழையில். மாரடைப்பு என்றால் இ.சி.ஜி. எடுத்து முதலுதவி செய்ய மேலேயே ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் அடைப்பை உடனே நீக்கக் கேத் லேப் வேண்டும், அது 24 மணி நேரமும் ஓட வேண்டும். இந்த அளவுகோலில் மூன்று ஊரையும் வையுங்கள்.

கொடைக்கானல் எடுத்த எடுப்பிலேயே போய்விடுகிறது. 2,100 மீட்டர் உயரம், மதுரை 120 கிலோமீட்டர், மலைப்பாதை சேர்த்து மூன்று மணி நேரத்துக்கு மேல். குளிரும் அதிகம், உங்கள் வீட்டம்மாவின் வீசிங்குக்கு அது ஆகாது. நல்ல ஊர்தான், உங்களுக்கு வேண்டாம்.

கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். தொட்டபெட்டா மலை மறைப்பதால் தென்மேற்குப் பருவமழை அங்கே அடித்துப் பெய்யாது. ஊட்டி அளவுக்குக் கூட்டமும் இல்லை. உங்கள் மனைவிக்குப் பிடித்ததில் ஆச்சரியமே இல்லை, எனக்கும் நீலகிரியில் பிடித்த ஊர் அதுதான். மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அங்கிருந்து கோவை இன்னும் 35 சொச்சம். பகலில், ரோடு நன்றாக இருந்தால், இரண்டு மணி நேரம். ஊட்டியில் 2025 ஏப்ரலில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதைவிடப் பக்கம். உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியோடு நேரில் போய், இரவில் ஆஞ்சியோ செய்வார்களா என்று இதயப் பிரிவில் கேட்டுவிடுங்கள். அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் கோத்தகிரியே.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், குளிர் மிதம். 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் சேலம், ஒரு மணி நேரப் பயணம். பெரிய ஆஸ்பத்திரிகளும் பெங்களூருக்கு நேர் ரயிலும் பஸ்ஸும் சேலத்திலேயே உண்டு, மகள் வந்துபோகவும் வசதி. குறை என்றால் சனி, ஞாயிறு கூட்டம். அதோடு, ஏரியைச் சுற்றி ஓட்டல்களாக நெருக்கியடித்துக் கிடப்பதைப் பார்த்தால், இதற்கா இவ்வளவு தூரம் ஏறி வந்தோம் என்று தோன்றும். கொஞ்சம் உள்ளே தள்ளி, காபித் தோட்டங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்களைப் பாருங்கள்.

பாதை அடைபடுவது எல்லா மலைக்கும் பொது. 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சாலைகள் துண்டாயின. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அதனால் இரண்டாவது வழி உண்டா என்று பார்ப்பது முக்கியம். கோத்தகிரியிலிருந்து குன்னூர் வழியாகவும் இறங்கலாம், ஏற்காட்டுக்குக் குப்பனூர் ரோடு இருக்கிறது.

என் யோசனையைக் கேட்டால், ஸ்டென்ட்டுக்காக ஏற்காடு. உங்கள் மனைவி விட்டுக்கொடுக்க மாட்டார் என்றால், ஊட்டியில் கேட்ட பதில் நல்லதாக இருந்தால் மட்டும் கோத்தகிரி.

எந்த மலையாக இருந்தாலும், நாளைக்கு வாங்கும் நேரம் வந்தால் சமவெளியில் பார்ப்பதைவிட இரண்டு மடங்கு பத்திரங்களைப் பார்க்க வேண்டும். பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று எல்லாம் வழக்கம்போல. அதற்கு மேல், கட்டிய வீட்டுக்கு அனுமதி பெற்ற வரைபடம் இருக்கிறதா? மலைப்பகுதிகளில் கட்டடம் கட்ட ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) விதிகள் இருக்கின்றன, நீலகிரியில் 1993-லிருந்து மாஸ்டர் பிளானும் உயரக் கட்டுப்பாடும் உண்டு. கொடைக்கானலில் 2019-ல் நீதிமன்ற உத்தரவால் அனுமதியில்லாத கட்டடங்களுக்குச் சீல் வைத்தது நினைவிருக்கலாம். ‘டீ எஸ்டேட் நடுவே அழகிய வில்லா’ என்று விளம்பரம் வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள், தேயிலை நிலத்தைத் துண்டு போட்டு வீடு கட்டுவதில் சட்டச் சிக்கல் நிறைய. தண்ணீரையும் கேளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் குழாயில் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது, மற்ற நாளில் லாரித் தண்ணீர் என்ன விலை? இதை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

இனி மாதச் செலவு. உங்கள் 38,000 எனக்குக் குறைவாகப் படுகிறது. கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் ஓய்வோடு நின்றுவிடும். சொந்தமாக எடுக்கும் பாலிசியில் ஸ்டென்ட்டைக் காரணம் காட்டிப் பிரீமியம் ஏற்றுவார்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கவும் வைக்கலாம். தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பரிலிருந்து ஜி.எஸ்.டி. இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல். ஓய்வு பெறும் வரை காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பியுங்கள். அதோடு செக்கப்புக்குக் கீழே இறங்கும் டாக்ஸி, தினமும் ஓடும் கீசர், ஹீட்டர். வாடகை போக 45,000 என்று வைத்தால் நடைமுறைக்கு ஒத்துவரும். வாடகையோடு 61,000.

வரவு இப்படி வரும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் போடுங்கள். நான் எழுதும் நாளில் வட்டி 8.2%, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 வரும். 60 வயது ஆகவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டால் 55-லிருந்தே சேரலாம், அந்த மூன்று மாதத்தைத் தவறவிட்டால் 60 வரை காத்திருக்க வேண்டியதுதான். அப்புறம் தபால் அலுவலக மாத வருமானத் திட்டத்தில் இருவர் பெயரிலும் கூட்டாக 15 லட்சம், 7.4% வட்டியில் மாதம் 9,250. பென்ஷன் 4,900, ஃபிளாட் வாடகையில் நிற்கும் 15,500. கூட்டினால் மாதம் 50,150. துண்டு விழும் 10,850-ஐ மீதி 55 லட்சத்திலிருந்து எடுக்கலாம், வருடத்துக்கு 1.3 லட்சம்தான், தாங்கும். அந்த 55-ல் 10 லட்சத்தை ஆஸ்பத்திரிக்கென்று தனி டெபாசிட்டாக வையுங்கள், மகளையும் அதில் கூட்டுப் பெயராகச் சேருங்கள். மியூச்சுவல் ஃபண்ட் 24 லட்சத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்குப் போடுங்கள். மார்ச்சில் ஓய்வு என்பதால் ஏப்ரலிலேயே கிளம்பத் தோன்றும், மே மாதக் கோத்தகிரியைப் பார்த்து யாருக்குத்தான் பிடிக்காது! கொஞ்சம் பொறுத்துச் செப்டம்பர் கடைசியில் குடி போங்கள். வடகிழக்குப் பருவமழை, டிசம்பர், ஜனவரிக் குளிர், தண்ணீர் இல்லாத ஏப்ரல் மூன்றையும் ஒரே ஒப்பந்தத்தில் பார்த்துவிடலாம். மே மாதத்தில் மகள் கர்நாடகப் பதிவெண் காரில் நீலகிரிக்கு வந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. அம்பத்தூர் ஃபிளாட்டுக்கு ஆள் பார்க்கும்போதும் 11 மாதத்துக்கு மேல் எழுதிக் கொடுக்காதீர்கள். ஜனவரிக் குளிரில் உங்கள் மனைவி இன்ஹேலரை எத்தனை தடவை எடுக்கிறார் என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அந்த நோட்டோடு அடுத்த ஆகஸ்டில் எழுதுங்கள், வாங்குவதைப் பற்றி அப்போது பேசுவோம்.