கோடிங் வரும், எடுத்துச் சொல்ல வராது. என்ன செய்வது?

கேள்வி கேட்டவருக்கு ஐடி துறையில் ஆறு வருட அனுபவமாம். கிளையண்டுடன் போன் காலில் விளக்கச் சொன்னால் திணறுகிறாராம். ஆங்கிலம்தான் காரணமா, ஸ்டோரிடெல்லிங் வகுப்பில் சேரலாமா என்று கேட்டிருக்கிறார்.

முதலில் ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிடுவோம். இந்தத் தொழிலுக்கு வந்து பதினைந்து வருடமாகிறது. என் உச்சரிப்பு இன்னும் திருநெல்வேலியைத் தாண்டவில்லை. அதனால் எந்த வேலையும் நின்றதில்லை. வேறொன்றால் நின்றது.

சில வருடங்களுக்கு முன் ஒரு பில்லிங் சிஸ்டத்தைப் பார்த்துக்கொள்ளும் டீமில் இருந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் ஸ்டேட்டஸ் மெயில் போடுவது என் பொறுப்பு. சர்வரில் ஒரு எஸ்எஸ்எல் சான்றிதழ் (இணைப்பு பாதுகாப்பானது என்பதற்கான அத்தாட்சி; அது இல்லாவிட்டால் மற்ற கணினிகள் இணைய மறுக்கும்) காலாவதியாகப் போகிறது, புதுப்பிக்க வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர் ஒப்புதல் தர வேண்டும். மூன்று வாரம் விடாமல் எழுதினேன். எப்படி? பதினான்கு வரி மெயிலில் ஒன்பதாவது வரியாக, 'சான்றிதழ் புதுப்பிப்பு: ஒப்புதல் நிலுவையில்' என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது காலாவதியானது. கடைகளில் பில் போட முடியவில்லை.

"ஏம்ப்பா, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் மேனேஜர். நான் வீறாப்பாக மூன்று மெயிலையும் எடுத்து அவருக்கே திருப்பி அனுப்பினேன். "மூணையும் படிச்சேன். கடை நின்னுபோகும்னு அதுல எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு ஆள் இதைக்கூடவா ஊகிக்க மாட்டார்?

பிற்பாடு கொலம்பியா விண்வெளி ஓட விபத்தின் விசாரணை அறிக்கையைப் படித்தபோது அந்தக் கோபம் என் பக்கமே திரும்பியது. நம் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்த விபத்து. 2003 ஜனவரி 16 அன்று ஓடம் கிளம்பிய 82ஆவது வினாடி வாக்கில், வெளித்தொட்டியின் நுரைக் காப்பிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் அடித்தது. அவர்கள் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த நாட்களில், கீழே பொறியாளர்கள் சேதத்தைக் கணித்து நாசா மேலாளர்களுக்கு ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, சோதனைத் தரவுகளைப் பார்த்தால் கணக்கில் பாதுகாப்புக்கு இடமிருக்கிறது என்கிற தொனியில் இருந்தது. அதற்குக் கீழே புள்ளி, புள்ளிக்குள் புள்ளி. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வரி: சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், இங்கே கணக்கில் எடுத்த துண்டு 1,920 கன அங்குலம்.

வகுத்துப் பாருங்கள், 640 மடங்கு. அதாவது, கையில் இருந்த சோதனை இந்த அடிக்குப் பொருந்தவே பொருந்தாது. தலைப்பில் இருக்க வேண்டிய விஷயம் கடைசி வரியில் கிடந்தது. பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும் வழியில் ஓடம் சிதறியது. ஸ்லைடுதான் விபத்துக்குக் காரணம் என்று சொல்ல வரவில்லை. இறக்கையைப் படமெடுத்துப் பார்க்கலாம் என்ற பொறியாளர்களின் கோரிக்கை நிறைவேறாமல் போனது உட்பட அதில் பல சங்கதிகள் உண்டு. ஆனால் தகவல்களைக் காட்சிப்படுத்துவதில் வல்லுநரான எட்வர்ட் டஃப்டி அந்த ஒரு ஸ்லைடை வரிவரியாகப் பிரித்துக் காட்டியதை விசாரணைக் குழு தன் அறிக்கையிலேயே சேர்த்திருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு என் ஒன்பதாவது வரி ஞாபகம் வந்தது. தகவல் இருந்தது, அதனால் யாருக்கு என்ன ஆகும் என்பது இல்லை.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது வகுப்பு இல்லை, வில்லுப்பாட்டு. எங்கள் ஊரில் கோயில் கொடைத் திருவிழா என்றால் ராத்திரி வில்லுப்பாட்டு உண்டு. தலைமைப் பாடகர் கதையை நகர்த்துவார். பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு வரிக்கும் "ஆமா" போடுவார். சின்ன வயதில் அவரைச் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவர் என்று நினைத்திருந்தேன். உண்மையில் கூட்டத்தின் சந்தேகத்தை எல்லாம் அவர்தான் கேட்பார். "அப்படியா? அப்புறம் அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு?" என்று அவர் கேட்டால்தான் பாட்டு மேலே போகும்.

மீட்டிங்குக்கு முந்தின நாள் அப்படி ஓர் ஆளைப் பிடியுங்கள். உங்கள் டீம் ஆள் வேண்டாம். அவருக்கு எல்லாம் தெரியும், எல்லாவற்றுக்கும் ஆமா போட்டுவிடுவார். டெஸ்டிங்கிலோ அக்கவுண்ட்ஸிலோ இருக்கிற ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் "ஆமா" வராமல் முகம் மாறுகிறதோ அங்கேதான் நீங்கள் ஒரு படியைத் தாண்டிக் குதித்திருக்கிறீர்கள்.

எண்கள் வரும் இடத்தில் இது அடிக்கடி நடக்கும். அமெரிக்கக் கடற்படையில் இருந்த கணினி முன்னோடி கிரேஸ் ஹாப்பர், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி போக ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்ட அதிகாரிகளுக்குச் சூத்திரம் எழுதிக் காட்டவில்லை. சுமார் 30 செ.மீ. நீளக் கம்பித் துண்டைக் கையில் கொடுத்தார். ஒரு நானோ வினாடியில், அதாவது வினாடியை நூறு கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கில், மின்சாரம் அதிகபட்சம் போகக்கூடிய தூரம் அது. அவர்களுக்கும் செயற்கைக்கோளுக்கும் நடுவே அப்படி எத்தனை துண்டு வைக்க வேண்டும் என்று அவர்களே யோசித்துக்கொள்ள வேண்டியதுதான். அதைப்போல் ஆயிரம் மடங்கான மைக்ரோ வினாடிக்கு என்று ஏறக்குறைய 300 மீட்டர் கம்பிச் சுருளும் வைத்திருந்தார். நேரத்தை வீணடிக்கும் புரோகிராமர்களுக்கு அதைக் காட்டுவாராம். (எங்கள் டீமில் சிலர் கழுத்தில் அதை மாட்டிவிட எனக்கும் ஆசை உண்டு.)

எனக்கு அப்படி ஒரு கம்பி கிடைத்தது 99.9 சதவீதத்தில். ஒரு வாடிக்கையாளர் தன் சிஸ்டம் 99.99 சதவீத நேரம் ஓடியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கூடுதலாக ஒரு ஒன்பதுதானே என்பது அவர் எண்ணம். "99.9 என்றால் மாதத்துக்கு 43 நிமிடம் கல்லாவை மூடலாம். 99.99 என்றால் 4 நிமிடம். ராத்திரி தூங்குகிற ஆள் போன் சத்தத்தில் எழுந்து லேப்டாப்பைத் திறக்கவே 4 நிமிடம் ஆகும். ஆக, ஒரு ஆளைத் தூங்காமல் வைக்க வேண்டும். இல்லையென்றால், தானாக மாறிக்கொள்ளும் இன்னொரு செட் சர்வர் வேண்டும். அதற்கு இவ்வளவு செலவு" என்றேன். அரை நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, பணம் வாங்கும் பகுதிக்கு மட்டும் போதும் என்றார்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சிஸ்டம் விழுந்து கிடக்கும்போது கதை சொல்லாதீர்கள். என்ன ஓடவில்லை, யார் பார்க்கிறார்கள், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு, அவ்வளவுதான். அப்புறம், கேட்பவர் மனது நோகக் கூடாது என்று தலைப்பை இனிப்பாக்காதீர்கள். கொலம்பியா ஸ்லைடின் தலைப்பும் ஒரு விதத்தில் நல்ல கதைதான்; ஆறுதலாக இருந்தது.

எனக்கு ஆமா போடுவது என் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போன வாரம் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூல் நிரம்பி சிஸ்டம் நின்றதை வாடிக்கையாளருக்கு எழுதிவிட்டு, அவளிடம் படித்துக் காட்டினேன். முதல் வரியிலேயே நிறுத்தினாள்.

"பூலுன்னா?"

"பேங்க்ல பத்து கவுண்டர் இருக்குன்னு வை. பத்துலயும் ஆள் நிக்கிறாங்க, வேலை முடிஞ்சும் யாரும் நகரல."

"சரி, ஏன் நகரல?"

அதற்கு என் மெயிலில் பதில் இல்லை. மறுபடி லேப்டாப்பைத் திறந்தேன்.