சீன மருத்துவம் படிக்க விரும்பும் மகள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். நீட் தேர்வில் தகுதி பெற்றும் எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்கவில்லை. சீனாவுக்குப் போய் அந்நாட்டு மரபு மருத்துவமும், உடலில் ஊசி குத்திச் செய்யும் அக்குபஞ்சரும் படிக்கிறேன் என்கிறாள். முகவர் ஒருவர் வீட்டுக்கே வந்து, ஐந்து வருடத்தில் டாக்டர் ஆகிவிடலாம் என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இவ்வளவையும் முதல் இரண்டு பக்கங்களில் எழுதிவிட்டு, மகனின் மனச்சோர்வைப் பற்றிக் கடைசியில் மூன்றே வரிகள் எழுதியிருக்கிறீர்கள். அண்ணனைக் குணப்படுத்தத்தான் தங்கை இதைப் படிக்கத் துடிக்கிறாளோ என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அந்த மூன்று வரிகளிலிருந்தே தொடங்குகிறேன்.

மகன் இப்போது சாப்பிடும் மாத்திரையை, மனநல மருத்துவர் சொல்லாமல் ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம். அக்குபஞ்சர் செய்தால் மருந்தே வேண்டாம் என்று உறவினர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், தூக்கமின்மை, பதற்றம் வரலாம். அடங்கியிருந்த நோய் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பவும் கூடும். தங்கை சீன மொழியும் கற்று, படித்து முடித்து வர ஆறு ஆண்டு ஆகும். அண்ணனுக்கான சிகிச்சை இன்று நடக்க வேண்டியது. அந்தப் பொறுப்பை அவள் தோளிலிருந்து முதலில் இறக்கி வையுங்கள். "அண்ணனை நாங்களும் டாக்டரும் பார்த்துக்கொள்கிறோம். உனக்குப் பிடித்ததை நீ படி" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதன் பிறகும் அவளுக்கு இந்தப் படிப்பின் மீது ஆசை இருந்தால், அது அவளுடைய சொந்த ஆசை.

அந்த ஆசையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. சீன மருத்துவத்தின் மூலநூலான ஹுவாங்தி நெய்ஜிங் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்டது. உடலை ஒரு துறைக்கும் மனத்தை இன்னொரு துறைக்கும் அது பிரித்துக் கொடுக்கவில்லை. கோபம் கல்லீரலைக் கெடுக்கும், அளவுகடந்த மகிழ்ச்சி இதயத்தை அசைக்கும், ஓயாத யோசனை மண்ணீரலைச் சோர வைக்கும், துயரம் நுரையீரலை வாட்டும், அச்சம் சிறுநீரகத்தைத் தாக்கும் என்பது அதன் கோட்பாடு. ஈரக்குலை நடுங்கிற்று என்றும், வயிறு எரிந்தது என்றும் பேசுகிற நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. உங்கள் மகளை ஈர்த்ததும் இதுவாகத்தான் இருக்கும். அண்ணனுக்குப் பசி இல்லை, தூக்கம் இல்லை, உடம்பெல்லாம் வலி; கூடவே மனமும் இருண்டு கிடக்கிறது. இவற்றை ஒரே நோயாகப் பார்க்கும் ஒரு மருத்துவம் இருக்கிறது என்று அறிந்தபோது அவள் கண் விரிந்திருக்கும்.

ஆனால் கோட்பாடு அழகாக இருப்பதும், சிகிச்சை பலன் தருவதும் வேறு வேறு. அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டல், நாட்பட்ட முதுகுவலி, அடிக்கடி வரும் ஒற்றைத் தலைவலி ஆகியவற்றில் அக்குபஞ்சர் ஓரளவு உதவுகிறது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் ஆய்வுகள் நிறையவே நடந்திருக்கின்றன. அவற்றில் பலவற்றின் தரம் குறைவு. மருந்தோடும் ஆலோசனையோடும் சேர்த்துச் செய்யும்போது சிலருக்குத் துணையாகிறது, அதற்குமேல் உறுதியாகச் சொல்ல இடமில்லை. மனச்சிதைவு, இருதுருவ மனநோய் போன்றவற்றில் ஊசியை நம்பி மருந்தை விடுவது ஆபத்து. சீனாவிலேயே 2013 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம், மனநோயைக் கண்டறியும் பொறுப்பை மனநல மருத்துவரிடம்தான் ஒப்படைத்திருக்கிறது. அந்த மருத்துவத்தைப் பெற்றெடுத்த நாடே வகுத்திருக்கும் எல்லை அது. உங்கள் மகள் அதைத் தெரிந்துகொண்டு படிக்கப் போக வேண்டும்.

இனி, படிப்பு எப்படி இருக்கும் என்பதைச் சொல்கிறேன். பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு ஆகிய நான்கு நகரங்களிலும் 1956-இல் அரசு தொடங்கிய சீன மருத்துவக் கல்லூரிகள் இன்று பெரிய பல்கலைக்கழகங்கள். இளநிலைப் படிப்பு ஐந்து ஆண்டு, கடைசிக் கட்டம் மருத்துவமனைப் பயிற்சி. உடற்கூறியல், உடலியங்கியல், நோய்க்குறியியல் எல்லாம் நவீன முறையிலேயே கற்பிப்பார்கள். அவற்றோடு பார்த்தல், கேட்டும் முகர்ந்தும் அறிதல், விசாரித்தல், நாடி பிடித்தல் என்ற நால்வகை நோயறிதல். நாக்கின் நிறத்தையும் அதன்மேல் படியும் படலத்தையும் மட்டுமே பார்க்கப் பழகுவதற்குப் பல மாதம் ஆகும். நம் சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாவும் நாடியும் இருப்பதை அவளுக்கு நினைவூட்டுங்கள். பிறகு நூற்றுக்கணக்கான மூலிகைகள், அவற்றைச் சேர்க்கும் கூட்டு முறைகள், பழைய மருத்துவ நூல்களைப் படிப்பதற்கான செவ்வியல் சீன மொழி. சீன மாணவர்களே திணறும் பாடம் அது.

ஊசிக்கு 361 மரபுப் புள்ளிகள். அவற்றின் இடத்தை அளக்க, நோயாளியின் சொந்த விரலே அளவுகோல். கட்டைவிரல் அகலம் ஓர் அலகு. நான்கு விரலைச் சேர்த்து வைத்தால் மூன்று அலகு. முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரல் இறங்கி, கீழ்க்காலின் முன்பக்க எலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளிப்புறம் போனால் ஜூசான்லி என்ற புள்ளி வரும். வயிற்றுக் கோளாறுகளுக்கு மிகவும் பயன்படுத்தப்படுவது. வர்மப் புள்ளியை விரற்கடையால் அளக்கும் நம் ஆசான்களுக்கு இது உடனே புரியும். ஊசியோடு சேர்த்துச் சூடு காட்டும் முறைக்குப் பயன்படும் இலையும் நம் மாசிபத்திரியின் இனம்தான். இவற்றை எல்லாம் சொல்வது ஆசை காட்டுவதற்காக என்று நினைக்க வேண்டாம். படிப்பில் மனம் லயிக்கக்கூடிய பிள்ளைக்கு அங்கே அள்ள அள்ள இருக்கிறது என்பது உண்மை.

வாசல் மட்டும் சீன மொழியில் இருக்கிறது. சீன மொழிவழிப் படிப்புக்குப் பெரும்பாலும், சீன மொழித் திறனை அளக்கும் எச்.எஸ்.கே. தேர்வில் நான்காம் நிலையாவது கேட்பார்கள். சீன அரசின் உதவித்தொகை பெற்று இளநிலை படிக்கப் போகிறவர்களுக்கு மொழி தெரியாவிட்டால் முதல் ஓராண்டு மொழிப் பயிற்சிக்கே போய்விடும். சில இடங்களில் ஆங்கில வழியிலும் நடத்துகிறார்கள். ஆனால் மருத்துவமனையில் வந்து உட்காரும் பாட்டி தன் வலியை ஆங்கிலத்தில் சொல்ல மாட்டார். நோயாளியிடம் விசாரிக்க முடியாத மாணவி நால்வகை நோயறிதலில் ஒன்றை இழந்துவிடுகிறாள். மனநோயில் விசாரிப்பதுதான் பாதி மருத்துவம்.

அடுத்து, முகவரின் தாள். அதில் சொல்லியிருக்கும் பட்டம் இளநிலைச் சீன மருத்துவம் என்றால், அதை வைத்து இந்தியாவில் மருத்துவராகப் பதிவு செய்ய முடியாது. வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே எழுதும் தகுதித் தேர்வு எம்.பி.பி.எஸ்ஸுக்கு நிகரான நவீன மருத்துவப் படிப்புக்கு மட்டும்தான். சீனாவில் எம்.பி.பி.எஸ். என்பது ஒரு படிப்பு, சீன மரபு மருத்துவம் என்பது வேறொரு படிப்பு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழைத்துப் பேசும் முகவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நிலத்தை விற்றுப் படிக்க வைத்த பிறகு இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்ட பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். அந்த முகங்கள் எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எனவே எங்கே படிப்பது என்று கேட்பதற்கு முன், எந்த நாட்டில் தொழில் செய்யப் போகிறாள் என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2012 ஜூலையிலிருந்து சீன மருத்துவத்துக்குத் தேசிய அளவிலான பதிவு இருக்கிறது. சிங்கப்பூரில் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தனி வாரியம் இருக்கிறது. மலேசியாவில் 2016-இல் மரபு மருத்துவச் சட்டம் வந்தது, அங்கேயே சீன மருத்துவப் பட்டப்படிப்பும் உண்டு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். இந்த நாடுகளில் ஒன்றில் வாழத் திட்டமிட்டால், அந்த நாட்டு வாரியம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை ஏற்கிறது என்று வாரியத்துக்கே எழுதிக் கேட்டுவிட்டு, அதன் பிறகு சேர்க்கைக்கு விண்ணப்பியுங்கள்.

இந்தியாவிலேயே இருக்க வேண்டும் என்றால் கதை வேறு. இங்கே அக்குபஞ்சர் வந்ததற்கு உருக்கமான ஒரு வரலாறு உண்டு. 1938-இல் போரில் சிக்கிய சீனாவுக்கு ஐந்து இந்திய மருத்துவர்கள் சென்றார்கள். அவர்களில் சோலாப்பூரைச் சேர்ந்த கோட்னிஸ் 1942-இல் அங்கேயே இறந்தார். உடன் சென்ற வங்காளத்து மருத்துவர் பி.கே. பாசு 1958-இல் மீண்டும் சீனாவுக்குப் போய் அக்குபஞ்சர் கற்று, கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். மேற்கு வங்கம் 1996-இல் இதற்கென்றே சட்டம் இயற்றியது. மகாராஷ்டிரத்திலும் தனிச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் சட்டப்படி அமைந்த பதிவு மன்றம் கிடையாது. அதனால் வார இறுதி வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுப்பவர்களுக்கும் குறைவில்லை. மருத்துவர் அல்லாதவர் ஒருவர் முழுமையாக அக்குபஞ்சர் கற்க 2,500 மணி நேரம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வழிகாட்டியது. வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் நடக்கும் வகுப்பில் இது நான்கு ஆண்டு ஆகும். ஆறு மாதத்தில் முடியும் என்று யாராவது சொன்னால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தோளிலோ மார்பிலோ ஆழம் தெரியாமல் போட்ட ஊசி நுரையீரல் உறையைத் துளைத்துவிடக்கூடும். உடற்கூறியலைச் சுருக்கிச் சொல்லித் தரும் வகுப்புக்கு அவளை அனுப்பவே வேண்டாம்.

உங்கள் மகளின் மதிப்பெண்ணையும் மனத்தையும் வைத்துப் பார்க்கும்போது, எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றும் வழி நம் ஊரிலேயே இருக்கிறது. அவள் நீட் தகுதி பெற்றிருப்பதால் சித்த மருத்துவப் பட்டமான பி.எஸ்.எம்.எஸ். கலந்தாய்வுக்குப் போகலாம். பாளையங்கோட்டையிலும் சென்னை அரும்பாக்கத்திலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. படிப்பு ஐந்தரை ஆண்டு. பிறகு முதுநிலையில் சிறப்பு மருத்துவம் என்றொரு துறை உண்டு. வர்மம், தொக்கணம் என்னும் உடல் பிடித்துவிடும் சிகிச்சை, யோகம் போன்ற புறமருத்துவமும் உளநோய்களும் அதில் சேரும். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் அதைப் படிக்கலாம். இதில் பலர் கவனிக்காத ஒரு செய்தி இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல வல்லுநர் யார் யார் என்று வரையறுக்கும் இடத்தில், சிறப்பு மருத்துவத்தில் முதுநிலை முடித்த சித்த மருத்துவரையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியலில் அக்குபஞ்சர் இல்லை. உடலையும் மனத்தையும் ஒன்றாகப் பார்க்கும் மரபு மருத்துவராக வேண்டும், அதற்குச் சட்டத்தின் துணையும் வேண்டும் என்றால், அவள் தேடும் படிப்பு செங்டுவைவிடப் பாளையங்கோட்டையில் இருக்கிறது.

ஊசியே வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தால் இயற்கை மருத்துவம், யோகா படிப்பான பி.என்.ஒய்.எஸ். இருக்கிறது. அதுவும் ஐந்தரை ஆண்டு, பாடத்திட்டத்தில் அக்குபஞ்சரும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கிறார்கள். பட்டம் முடித்த பின் சீனாவில் குறுகிய காலப் பயிற்சிக்குப் போகலாம். அப்போது செலவும் குறையும், கையில் பதிவு பெற்ற பட்டமும் இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் சீனாதான் என்றால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் ஓர் ஆண்டு அவகாசம் கேட்பேன். சித்த மருத்துவத்துக்கோ பி.என்.ஒய்.எஸ்ஸுக்கோ போகாமல், இங்கேயே ஒரு சீன மொழி வகுப்பில் சேர்ந்து எச்.எஸ்.கே. முதல் மூன்று நிலைகளை அவள் முடிக்கட்டும். காலையில் எழுந்து எழுத்துருக்களை எழுதிப் பழக அவளுக்குப் பொறுமை இருக்கிறதா என்று அந்த ஓர் ஆண்டில் தெரிந்துவிடும். பணம் கட்டிய பிறகு தெரிவதைவிட அது நல்லது.

வருகிற சனிக்கிழமை காலை அவளை அழைத்துக்கொண்டு வாருங்கள். முகவர் கொடுத்த தாளையும் எடுத்து வாருங்கள், அதில் பட்டத்தின் பெயர் என்னவென்று மூவரும் சேர்ந்து படிப்போம். அதுவரை முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம், எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். அண்ணனுக்கு அன்று மருத்துவமனைத் தேதி இருந்தால் முதலில் அங்கே போங்கள். நான் மாலையிலும் இருப்பேன்.