56 வயதில் ஒற்றைச் சக்கர சைக்கிள் பழகலாமா?

கேள்வி: எனக்கு வயது 56. நங்கநல்லூரில் இருக்கிறேன். போன வருடம் வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றேன். பெங்களூரில் படிக்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது ஒற்றைச் சக்கர சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்து, இங்கேயே விட்டுப் போய்விட்டான். ஒரு நாள் விளையாட்டாக ஏறிப் பார்த்தேன், அப்புறம் விட மனம் வரவில்லை. ஒரு மாதமாக அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கில் தூணைப் பிடித்துக்கொண்டு பழகுகிறேன். கையை விட்டு இரண்டு மூன்று சுற்று மிதிக்க வருகிறது. ஏழு வருடமாகச் சர்க்கரை உண்டு, மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறேன். 50 வயதில் மாதவிடாய் நின்றது. முழங்காலை மடக்கும்போது சத்தம் கேட்கிறது. “எலும்பு உடைஞ்சா யார் பார்ப்பா?” என்று கணவர் கோபப்படுகிறார். இரண்டு வாரம் முன்பு பின்பக்கம் விழுந்து வலது கையை ஊன்றினேன். அன்றே எக்ஸ்ரே எடுத்து உடைவு இல்லை என்று சொன்னார்கள். கட்டைவிரல் பக்கம் லேசான வலி மட்டும் இருக்கிறது. தொடர்ந்து பழகலாமா டாக்டர்?

பதில்: பழகலாம் அம்மா. ஆனால் இந்த வாரம் வேண்டாம். கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கை வலி, அதை முதலில் பார்த்துவிடுவோம்.

வலது கட்டைவிரலை நன்றாக விரித்து மேலே தூக்குங்கள். மணிக்கட்டின் ஓரத்தில் இரண்டு தசைநாண்கள் கயிறு மாதிரி புடைத்துக்கொள்ளும், நடுவில் ஒரு சின்னப் பள்ளம் தெரியும். மூக்குப்பொடி போடுகிறவர்கள் பொடியை அந்தப் பள்ளத்தில் வைத்து உறிஞ்சுவார்கள். அதனால் மருத்துவப் படிப்பிலும் அதற்குப் ‘பொடி டப்பி’ என்றே பெயர். இடது கை விரலால் அங்கே அழுத்திப் பாருங்கள். வலித்தால், அதற்குக் கீழே இருக்கிற ஸ்கேஃபாய்டு என்ற எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். முந்திரிப்பருப்பு போன்ற சின்ன எலும்பு அது. விழுந்த அன்றைக்கே எடுக்கும் எக்ஸ்ரேயில் அந்தக் கீறல் தெரியாமல் போவது சகஜம், யாருடைய கவனக்குறைவும் இல்லை. பத்துப் பதினான்கு நாள் கழித்து எடுத்தால் தெரிய வாய்ப்பு அதிகம். உங்களுக்கு இப்போது சரியாக அந்த நேரம். எலும்பு மருத்துவரிடம் போய் ‘ஸ்கேஃபாய்டு சந்தேகம்’ என்று சொல்லி மறுபடி எக்ஸ்ரே எடுங்கள். அதிலும் ஒன்றும் தெரியாமல், வலி மட்டும் நீடித்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டி வரும்.

லேசான வலிக்கு இவ்வளவா என்று நினைக்க வேண்டாம். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையில் நுழைந்து, பின்னோக்கி முன்கைப் பக்கம் போகிறது. நடுவில் முறிந்தால் பின்னால் இருக்கிற துண்டுக்கு ரத்தம் கிடைக்காமல், எலும்பு சேராமலே போகலாம். சில வருடம் கழித்து மணிக்கட்டு தேய்ந்து, தோசைக்கல்லைத் தூக்கினாலே வலிக்கிற நிலையில் வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். ஆரம்பத்திலேயே கட்டுப் போட்டிருந்தால் அவர்களில் பலருக்கு அந்த நிலை வந்திருக்காது. டாக்டர் பார்க்கிறவரை மணிக்கட்டுப் பட்டை போட்டு அசைக்காமல் வையுங்கள். எண்ணெய் போட்டு உருவிவிடுவதும், எலும்பின் நிலை தெரியாமல் புத்தூர் கட்டு போடுவதும் வேண்டாம்.

சரி, கை நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சைக்கிளில் மறுபடி ஏறுவதற்கு முன் எனக்கு இன்னும் இரண்டு விஷயம் தெரியவேண்டும்.

ஒன்று, உங்கள் எலும்பு எவ்வளவு உறுதி. மாதவிடாய் நின்ற முதல் சில வருடங்களில்தான் பெண்களுக்கு எலும்பு வேகமாகக் கரைகிறது. அதோடு சர்க்கரை இருந்தால், பரிசோதனையில் அடர்த்தி பரவாயில்லை என்று வந்தாலும் எலும்பு அதைவிடச் சற்றுப் பலவீனமாகவே இருக்கும். எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன் எடுங்கள். இடுப்பு, முதுகெலும்பு இரண்டையும் அளப்பார்கள். டி ஸ்கோர், அதாவது உங்கள் எலும்பை இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண், மைனஸ் 1க்கு மேல் இருந்தால் நல்லது. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போயிருந்தால் முதலில் எலும்புக்கு மருந்து, சைக்கிள் அப்புறம்தான். பூங்காக்களில் வாக்கிங் போகிறவர்களுக்கு இலவச முகாமில் குதிகாலை மட்டும் வைத்துப் பார்க்கிறார்களே, அந்த முடிவை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். வைட்டமின் டி அளவையும் பார்த்துவிடுங்கள். இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் அது குறைவாக இருப்பவர்கள் நிறையப் பேர்.

இரண்டாவது, உங்கள் பாதம். ஏழு வருடச் சர்க்கரையில் பாதத்து நரம்புகள் சத்தமில்லாமல் மரத்துப்போயிருக்கலாம். 10 கிராம் மோனோஃபிலமெண்ட் என்ற மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பது, அதிரும் இசைக்கவையைக் கால் பெருவிரலில் வைப்பது என்று ஐந்து நிமிடத்தில் முடிகிற சோதனைகள்தான். நீண்ட நாள் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவதுண்டு, அதனாலும் பாதம் மரக்கும். அந்த ரத்தப் பரிசோதனையும் தேவை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை திடீரென்று இறங்கும் பயம் குறைவு. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ பின்னால் சேர்ந்தால் வெறும் வயிற்றில் சைக்கிளில் ஏறக்கூடாது.

பாதத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கேட்கிறேன் என்றால், நாம் விழாமல் நிற்பது மூன்று இடத்துச் செய்தியால்: கண், உள்காதில் இருக்கிற சமநிலை உறுப்பு, பாதத்திலும் மூட்டுகளிலும் இருந்து வரும் உணர்வு. வயதாக ஆக மூன்றுமே கொஞ்சம் மந்தமாகும். ஒற்றைச் சக்கரத்தில் முன்னும் பின்னும் இடமும் வலமும் எல்லாப் பக்கமும் விழ வழி உண்டு. பெடல் நேராகச் சக்கரத்தோடு சேர்ந்திருப்பதால் மிதிப்பதை நிறுத்தினால் சக்கரமும் நின்றுவிடும். அதனால் மூளை ஒவ்வொரு நொடியும் அந்த மூன்று செய்திகளையும் வாங்கிக் காலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நீங்கள் பழகுவதை நான் ஆதரிப்பது இதனால்தான். வெறும் நடையில் கிடைக்காத பயிற்சி இது. வித்தை கற்க வயது கடந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஜெர்மனியில் சராசரி 60 வயதுக்காரர்களுக்கு மூன்று மாதம் மூன்று பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்து, மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். நன்றாகக் கற்றுக்கொண்டவர்களின் மூளையில் மாற்றம் தெரிந்தது. அந்த ஆய்வு 2008ல் வெளியானது. இளைஞர்களே இந்தச் சைக்கிளுக்குப் பத்துப் பதினைந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு அதைவிடக் கூடுதலாகும், ஆகட்டுமே. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வியர்க்க வியர்க்கப் பழகுவதைவிடத் தினம் இருபது நிமிடம் மேல். தூங்கி எழுந்தால் நேற்று வராதது இன்று வரும்.

வீட்டிலேயே ஒன்றைப் பாருங்கள். சுவரை ஒட்டி நின்று ஒற்றைக் காலில் 10 நொடி நிற்க முடிகிறதா? நாற்காலியில் கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார 15 நொடிக்குள் முடிகிறதா? முடியவில்லையென்றால் ஒரு மாதம் அதையே பயிற்சியாகச் செய்துவிட்டுச் சைக்கிளுக்கு வாருங்கள். படுக்கையில் புரளும்போது தலை சுற்றினாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ, என் பதில் வேறு. அதைத் தனியாகக் கேளுங்கள்.

முழங்காலில் வலியோ வீக்கமோ இல்லாமல் சத்தம் மட்டும் என்றால் கவலை இல்லை. ஸீட்டைத் தாழ்வாக வைத்தால்தான் முட்டி வலிக்கும். பெடல் அடியில் இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நேராக நீளவேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் பயத்தில் உடல் எடையைப் பெடலிலேயே போட்டு நிற்கிறார்கள், தொடை எரிவது அதனால். எடை ஸீட்டில் இறங்கட்டும். ஸீட் அழுத்தி மரத்துப்போனால் இறங்கி நடந்துவிட்டு ஏறுங்கள்.

இப்போது விழுவதைப் பற்றி. இதைத்தான் முதலில் பழகியிருக்க வேண்டும். சைக்கிளை முன்னால் தள்ளிவிட்டுப் பின்பக்கம் விழும்போதுதான் மணிக்கட்டும் வால் எலும்பும் தலையும் அடிபடுகின்றன. முன்பக்கம் இறங்கினால் இரண்டு காலிலும் நிற்கலாம். தூணைப் பிடித்தபடி ஏறி, ஒரு சுற்றுகூட மிதிக்காமல் முன்னால் இறங்குங்கள். இதையே தினம் இருபது முறை. சைக்கிள் பின்னால் விழுந்தால் விழட்டும், பிடிக்கப் போகாதீர்கள். மணிக்கட்டுக் காப்பு (உள்ளங்கைப் பக்கம் கெட்டியான தகடு உள்ளது), ஹெல்மெட், முழங்கால் பட்டை மூன்றும் இல்லாமல் ஏற வேண்டாம். துப்பட்டாவும் செருப்பும் கூடாது. லேஸ் நுனியை ஷூவுக்குள் செருகிவிடுங்கள். தரையைப் பார்க்காமல் இருபது அடி தள்ளி ஏதாவது ஒன்றைப் பாருங்கள். தூரமும் கிட்டவும் ஒரே கண்ணாடியில் பார்க்கிற புராக்ரஸிவ் கண்ணாடி போட்டிருந்தால் அதன் கீழ்ப்பாதியில் தரை மங்கலாகவே தெரியும். பயிற்சிக்கு தூரப்பார்வைக் கண்ணாடி ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கார் பார்க்கிங்கில் வழவழப்பான டைல்ஸும் ஆயில் கறையும் இருந்தால் இடத்தை மாற்றுங்கள். கம்பி வேலி போட்ட பாஸ்கெட்பால் மைதானம் நல்லது, வேலியைப் பிடித்தபடியே போகலாம். மொட்டை மாடி மட்டும் வேண்டவே வேண்டாம். கைப்பிடிச் சுவர் நிற்கிறவர் உயரத்துக்குக் கட்டியது, நீங்கள் ஸீட்டில் உட்கார்ந்தால் இடுப்பு அதற்கு மேலே வந்துவிடும். காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை காய்வதில்லை, அக்னி நட்சத்திரத்தில் இந்த உழைப்பு ஆகாது. மழைக்காலத்தில் ஈரத் தரையும் வேண்டாம்.

உங்கள் கணவரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஸ்கேன் முடிவுகளை அவரிடம் காட்டுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அவரையே பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். அவர் உங்கள் கையைப் பிடிக்கக்கூடாது, விழும்போது இருவரும் சேர்ந்து விழுவீர்கள். அவர் தோளை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், அப்போது விட வேண்டிய நேரத்தில் நீங்களே விட்டு முன்னால் இறங்கலாம். எக்ஸ்ரே எடுத்ததும் கை எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.