ஏஐ உங்கள் நடையில் எழுத, அதற்கு எதைக் காட்ட வேண்டும்?

கேள்வி: ஆறு வருஷமாக வாரம் ஒரு குறிப்பு எழுதி வருகிறேன். அம்மாவின் மொஹிங்கா கடை, பீலிக்கான் கோயில் திருவிழா, தாத்தா சொன்ன கதைகள், இப்படி. கண்ணில் புரை எடுத்த பிறகு நெடுநேரம் போனைப் பார்த்துத் தட்ட முடியவில்லை. சாட்ஜிபிடியிடம் என் பழைய குறிப்பு இரண்டைக் கொடுத்து, "இதே நடையில் எழுது" என்றேன். பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி எழுதித் தருகிறது. "எளிமையாக, உணர்ச்சியோடு எழுது" என்றால் இன்னும் மோசம். வழி உண்டா தம்பி?
– ஒரு வாசகி, ரங்கூன்

உண்டு அக்கா. நீங்கள் அனுப்பிய இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். உங்களுடையது இது:

"விடிகாலை நாலு மணி. அண்டாவில் வாழைத்தண்டு வெந்துகொண்டிருக்கும். அம்மா பேச மாட்டாள். கரண்டி பேசும்."

அது எழுதியது இது:

"மொஹிங்கா என்பது மியான்மரின் பாரம்பரிய உணவுகளில் ஒன்றாகும். என் அன்னையின் கைவண்ணத்தில் உருவான அந்த உணவு, எங்கள் வாழ்வின் மறக்க முடியாத அடையாளமாகத் திகழ்ந்தது."

நீங்கள் மொஹிங்கா என்றால் என்ன என்று ஒரு நாளும் விளக்கியதில்லை. படிக்கிறவர்கள் அதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். நடந்து முடிந்ததைக்கூட "வெந்துகொண்டிருக்கும்", "பேச மாட்டாள்" என்று தினமும் நடப்பதுபோல் சொல்வீர்கள். ஊரை ரங்கூன், பெகு, மோல்மேன் என்றுதான் எழுதுவீர்கள். 1989இல் அரசாங்கம் பெயர்களை மாற்றினாலும் நம் வீடுகளில் யாரும் மாற்றவில்லையே. பாசத்தைப் பற்றிய சொல் ஒன்றுகூட உங்கள் நாலு வரியில் கிடையாது. "உணர்ச்சியோடு எழுது" என்று நீங்கள் கேட்டதும் அது "அன்னை", "மறக்க முடியாத" என்று அள்ளிக் கொட்டியதற்குக் காரணம், அந்த வார்த்தைக்கு அது படித்த பொதுவான பொருள் அதுதான். எளிமை, உயிரோட்டம், மண்வாசனை போன்ற சொற்கள் எல்லார் எழுத்துக்கும் பொருந்தும். அவற்றை வைத்து உங்கள் எழுத்தை அதனால் கண்டுபிடிக்க முடியாது.

இந்த மென்பொருள்கள் அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணித்துக் கணித்துத்தான் எழுதுகின்றன. இவை படித்ததில் ஆங்கிலமே மிகப் பெரும்பங்கு. தமிழ் கொஞ்சம், அதிலும் செய்தியும் மொழிபெயர்ப்பும் நிறைய. பர்மாத் தமிழ் எத்தனை பக்கம் இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். ஆகவே பிடி தளர்ந்தால் அது அந்தப் பொதுத் தமிழுக்குப் போய்விடும். பிடி தளராமல் வைத்திருப்பதுதான் உங்கள் வேலை.

நான் செய்து பார்த்ததில் நன்றாகப் பலித்த முறை ஒன்று உண்டு. முடிந்த குறிப்பை மட்டும் காட்டாமல், அது எதிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். அந்த மொஹிங்காக் குறிப்பை எழுத உட்காரும்போது உங்கள் மனதில் இருந்ததைத் துண்டு துண்டாகச் சொல்லுங்கள்: "காலை நாலு. அம்மா. வாழைத்தண்டு. கெளுத்தி மீன். மழை. முதல் ஆள் சைக்கா (சைக்கிள் ரிக்‌ஷா) ஓட்டுகிறவர். காசு சனிக்கிழமைதான் தருவார்." இதன் கீழே முழுக் குறிப்பை ஒட்டுங்கள். நீங்கள் மழையை விட்டுவிட்டீர்கள், மீனை விட்டுவிட்டீர்கள், சைக்காக்காரருக்கு மட்டும் ஒரு பத்தி கொடுத்தீர்கள். எதை எடுக்கிறீர்கள், எதை விடுகிறீர்கள், எங்கே நின்று பேசுகிறீர்கள் என்பதெல்லாம் இந்த ஜோடியில்தான் அதற்குத் தெரியும். முடிந்த எழுத்தை மட்டும் பார்த்தால் சொற்களைத்தான் காப்பியடிக்கும். குறிப்புக்குக் குறிப்பு கரண்டி பேச ஆரம்பித்துவிடும்.

இப்படி ஐந்து ஜோடி போதும். பாராட்டு வாங்கிய குறிப்புகளாகத் தேடாதீர்கள். வழக்கமாக எழுதுவதுபோல் வந்தவற்றை எடுங்கள். கோயில் குறிப்பு வேண்டும் என்றால் கோயில் குறிப்புகளையே கொடுங்கள். நீங்கள் தீமிதி பற்றி எழுதும்போது வாக்கியம் நீண்டு ஓடும், கடை பற்றி எழுதும்போது வெட்டி வெட்டி நிற்கும். இரண்டையும் கலந்து கொடுத்தால் நடுவில் ஒன்றைச் செய்யும்.

கொடுப்பதற்கு முன்னால் பழைய குறிப்புகளின் எழுத்துருவைப் பாருங்கள். உங்கள் ஆரம்ப காலக் குறிப்புகள் பாமினியில் இருக்கின்றன. நமக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றியே கொடுக்க வேண்டும். நடுவில் நீங்கள் எழுதும் பர்மிய வரிகளுக்கும் இதே சோதனை வேண்டும். நாடு 2019 அக்டோபர் 1இல் யூனிகோடுக்கு மாறியது. பழைய வரிகள் ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் இருக்கலாம். போனில் சரியாகத் தெரிகிற வரி, இயந்திரத்துக்கு எழுத்து மாறிக் கிடக்கும். "வரிகள் பிடிபடவில்லை" என்று அது சொல்லாது, தானாக ஏதாவது அர்த்தம் பண்ணிக்கொள்ளும்.

தாத்தாவின் குறிப்பு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். 1942இல் அவர் எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்கு நடந்தார் என்று மட்டும்தான் நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள். அது அவர் தோளில் ஒரு குழந்தையை ஏற்றி, இம்பாலில் ஒரு கிழவி கஞ்சி ஊற்றியதாக எழுதியிருக்கிறது. படிக்க உருக்கமாகத்தான் இருக்கிறது. உங்கள் பேரப்பிள்ளைகள் இதை நம்பிவிடுவார்கள் அக்கா. ஜப்பான் படையெடுப்புக்குத் தப்பி அப்படி நடந்து போன லட்சக்கணக்கானவர்களில் நம் வீட்டு ஆள் பட்டது இவ்வளவு என்று சொல்ல வேறு சாட்சி யாரும் இல்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் இப்படி எழுதுங்கள்: "நான் தந்த விவரங்களை மட்டும் பயன்படுத்து. விவரம் போதாத இடத்தில் என்னிடம் கேள்வி கேள்." அது கேட்கிற கேள்விகளில் சில உங்களுக்கே பழைய நினைவுகளைக் கிளப்பும். வந்த வரைவையும் வரிக்கு வரி சரிபாருங்கள். சொல்லியும் மீறுவது உண்டு.

வரைவு பிடிக்கவில்லை என்றால் "இன்னும் நன்றாக எழுது" என்பதில் பயனில்லை. கைபட நாலு வரி திருத்தி, "நீ எழுதியது இது, நான் மாற்றியது இது" என்று இரண்டையும் திருப்பிக் கொடுங்கள். மூன்று வாரம் செய்தால் உங்கள் திருத்தங்களில் திரும்பத் திரும்ப வருவது எது என்று தெரியும். "என்பது", "ஆகும்", "திகழ்ந்தது" வேண்டாம்; "மியான்மர்" என்றால் "பர்மா" போடு; கடைசிப் பத்தியில் பாடம் சொல்லாதே. அதை ஒரு சின்னப் பட்டியலாக்கி ஜோடிகளுக்கு மேலே வையுங்கள்.

இதையெல்லாம் ஒரே கோப்பாகப் போனில் சேமியுங்கள். புது உரையாடல் திறந்தால் போன வாரம் சொல்லிக் கொடுத்தது அதன் கையில் இருக்கும் என்று நம்ப முடியாது. கரண்டும் நெட்டும் ஒன்றாக வருகிற நேரத்தில் கோப்பை ஒட்டி உடனே வேலையைத் தொடங்கலாம். ஒரே உரையாடலை நீட்டிக்கொண்டே போனாலும் நடை நழுவும். ஒரு உரையாடலில் அது கவனத்தில் வைத்திருக்கக்கூடிய அளவுக்கு எல்லை உண்டு. தமிழ் அதில் ஆங்கிலத்தைவிட அதிக இடம் பிடிப்பதால் சீக்கிரம் நிறைந்துவிடும்.

ஊரில் இருக்கிறவர்களின் பெயர், தெரு, வேலை எதையும் உள்ளே கொடுக்க வேண்டாம். "பெரிய மாமா", "கடைக்கார அண்ணன்" என்று போட்டுவிட்டுப் பிறகு கையால் மாற்றுங்கள். செயலியின் அமைப்புகளுக்குள் (Settings) போய், உங்கள் உரையாடல்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் அனுமதியையும் அணைத்துவிடுங்கள்.

கண்ணுக்காகக் கடைசியாக ஒன்று. துண்டுக் குறிப்புகளைத் தட்டவே வேண்டாம். கூகுள் விசைப்பலகையில் மைக்கை அழுத்தித் தமிழில் பேசினால் எழுத்தாகிவிடும். நீங்கள் பேசுவதுபோல் எழுதுகிறவர், அதனால் அந்தப் பேச்சிலேயே பாதி நடை இருக்கும்.

முதல் சோதனைக்கு ஜோடிகளில் சேர்க்காத பழைய குறிப்பு ஒன்றை எடுங்கள். அதன் துண்டுகளை மட்டும் கொடுத்து எழுதச் சொல்லி, நீங்கள் அன்று எழுதியதோடு ஒப்பிடுங்கள். எங்கே விலகுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த இரண்டையும் எனக்கு அனுப்புங்கள் அக்கா, பட்டியலைச் சேர்ந்து திருத்துவோம்.