நண்பரின் பந்தய மோட்டார் சைக்கிள்

கேள்வி: மோட்டோகுரோஸ் ஓடிய எங்கள் நண்பர் காலமாகி இரண்டு வருடம். அவருடைய 125 சிசி, டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் கொட்டிலில் அப்படியே நிற்கிறது. திவசத்தன்று ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: தாராளமாக. ஆனால் எடுத்த எடுப்பில் கிக்கரை மிதிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளைக்குள் 5 மி.லீ. டூ ஸ்ட்ரோக் ஒயில் விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள். மறுநாள் கிக்கரைக் கையால் மெல்ல அமர்த்துங்கள். இறுகினால் பலம் காட்டாமல் என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைத் திறந்து பாருங்கள்.

பழைய பெற்றோல் முழுவதையும் வடியுங்கள். அது காய்ந்து பிசினாகி, காபரேட்டரில் பெற்றோல் வரும் சிறு துளையான பைலட் ஜெட்டை அடைத்திருக்கும். ஜெட்டைக் கம்பியால் குத்தினால் துளை பெருத்துவிடும். கிளீனர் அடித்துக் காற்றால் ஊதுங்கள். எயார் ஃபில்டர் ஸ்பொஞ்ச் விரலில் உதிர்ந்தால் புதிது போடுங்கள். நம் வன்னிப் புழுதி உள்ளே போனால் பிஸ்டனை அரத்தால் அராவியது போலாகும்.

புதுப் பெற்றோலுக்கு லீற்றருக்கு 31 மி.லீ. டூ ஸ்ட்ரோக் ஒயில் கலவுங்கள் (32:1, அதாவது 32 பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு ஒயில்); கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. கியர் ஒயில், பிரேக் ஒயிலையும் மாற்றுங்கள்.

த்ரொட்டிலை விட்டபின்பும் இரைச்சல் இறங்காவிட்டால் உடனே நிறுத்துங்கள். கிராங்க் தண்டின் ஓரத்தில் காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம் (கிராங்க் சீல்) காய்ந்து காற்று இழுக்கக்கூடும். அப்படியானால், தொடர்ந்து ஓடவிட்டால் பிஸ்டன் சூடேறி சிலிண்டரில் இறுகிப் பிடித்துவிடும்.

நம்பர் பலகைக்கு மட்டும் புதுப் பெயின்ற் அடித்துவிடாதீர்கள்.