ஆன்டாலஜி போர்ட்டல்கள்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

சேர்ந்துகிடந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கி, சிலவற்றைச் சுருக்கி, இந்தத் தடவை ஒரே விஷயத்தை எடுத்துக்கொண்டேன். மருத்துவ, உயிரியல் ஆன்டாலஜிகளையும் சொல்தொகுதிகளையும் சேர்த்து வைத்திருக்கும் போர்ட்டல்கள். சொல்தொகுதி என்பது ஒரு துறையின் பெயர்களின் பட்டியல்; ஆன்டாலஜி என்பது அந்தக் கருத்துகளையும் அவற்றுக்கிடையே உள்ள உறவுகளையும் எந்திரம் படிக்கும்படி எழுதிவைத்தது.

பயோபோர்ட்டல், ஓஎல்எஸ், ஹெட்டாப், யுஎம்எல்எஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானா?

பார்க்கத்தான் ஒன்றுபோல் இருக்கும். பயோபோர்ட்டல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து நடப்பது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியில் 2005-ல் தொடங்கிய ஆன்டாலஜி மையத்தின் பிள்ளை அது. கணக்கு வைத்திருக்கும் யாரும் தங்கள் ஆன்டாலஜியை அதில் ஏற்றலாம். அதனால்தான் ஆயிரத்துக்கும் மேல் குவிந்திருக்கிறது, அதனாலேயே மரபணுக்களின் வேலைகளை விவரிக்கும், பல வருட உழைப்பான ஜீன் ஆன்டாலஜியும் யாரோ பாடத்துக்காகச் செய்து அப்படியே விட்டுப்போன ஒன்றும் ஒரே பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஓஎல்எஸ் ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்துடையது, பார்த்துத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பார்கள். ஹெட்டாப் பிரான்சின் ரூவான் பல்கலைக்கழக மருத்துவமனையில் உருவானது. ஒரே கருத்துக்குப் பல மொழிகளில், பல சொல்தொகுதிகளில் என்ன பெயர் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும், மொழிபெயர்ப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

யுஎம்எல்எஸ் போர்ட்டலே இல்லை. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1986-ல் தொடங்கிய வேலை அது. ஏராளமான சொல்தொகுதிகளைக் கொண்டுவந்து, ஒரே பொருள் தரும் சொற்களை எல்லாம் ஒரே எண்ணின் கீழ் கட்டிவைத்த மூட்டை. வருடத்துக்கு இரண்டு வெளியீடு. கீழே பல இடங்களில் இந்த எண் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சுக்கென்று தனி போர்ட்டல் எதற்கு? ஆங்கிலத்தில் இருப்பதை மொழிபெயர்ப்பு எந்திரத்தில் போட்டு எடுத்தால் போதாதா?

போதாது. ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு மருத்துவர் ‘ஆன்ஜின்’ என்று மட்டும் எழுதினால் நோயாளிக்குத் தொண்டை அழற்சி. ஆங்கிலத்தில் ‘ஆஞ்சைனா’ என்று எழுதினால் இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலி. இரண்டுக்கும் லத்தீன் வேர் ஒன்றுதான், எழுத்தும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் தொண்டைவலிக்காரரை இதயநோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டால் அந்த ஆய்வை எதில் சேர்ப்பது?

இப்படியான காரணங்களால்தான் மோன்பெலியே நகரில் உள்ள லிர்ம் என்ற கணினியியல் ஆய்வுக்கூடத்தில் சிஃபர் பயோபோர்ட்டலை உருவாக்கினார்கள். புதிதாக எதையும் கட்டவில்லை. ஸ்டான்ஃபோர்டின் மென்பொருள் திறந்த மூலம் என்பதால் அதையே எடுத்து, பிரெஞ்சுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். சுமார் 30 பிரெஞ்சு ஆன்டாலஜிகளும் சொல்தொகுதிகளும் உள்ளே வந்தன: பிரான்சின் மருத்துவ ஆய்வு நிறுவனமான இன்செர்ம் மொழிபெயர்க்கும் மெஷ் (மருத்துவ நூலகத் தலைப்புச்சொல் பட்டியல்), நோய்க் குறியீட்டுப் பட்டியலின் பத்தாம் பதிப்பு, மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதியும் மெட்ட்ராவின் பிரெஞ்சு வடிவம், மருத்துவக் குறிப்புகளுக்கான ஸ்னோமெட் சொல்தொகுதியின் பழைய 3.5 பதிப்பு போன்றவை.

கஷ்டம் அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. மொழிபெயர்ப்பு எந்திரம் ஒரு கருத்துக்கு ஒரு பெயர் தரும், அதுவும் புத்தகப் பெயர். வார்டில் அவசரத்தில் எழுதுபவரோ பக்கவாதத்துக்கு ‘ஆவேசே’ என்று மூன்றெழுத்து போடுவார், ‘அனெவ்ரிஸ்ம்’ என்ற சொல்லை ‘ஐ’ வைத்தும் எழுதுவார் ‘ஒய்’ வைத்தும் எழுதுவார் (இரண்டும் சரியே), எழுத்துக்கு மேல் போட வேண்டிய குறியை விட்டுவிடுவார், உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லோடு முன்னால் உள்ள ‘ல’ ஒட்டிக்கொள்ளும். இந்த மாற்றுப்பெயர்களும் மாற்று எழுத்துகளும் உள்ளே இல்லையென்றால் குறிப்புகளில் தேடும் எந்திரத்துக்கு அந்த நோயே இல்லை. அப்புறம், பிரெஞ்சு வடிவத்தை ஆங்கில மூலத்தோடு கட்டிவைக்கும் வேலை இருக்கிறது, அங்கேதான் மேலே சொன்ன யுஎம்எல்எஸ் எண் கைகொடுக்கும். அது கட்டப்படாத மொழிபெயர்ப்பு தனித்தீவு மாதிரிதான்.

பயோபோர்ட்டலின் அனொடேட்டரில் (ஒட்டிய உரையில் வரும் ஆன்டாலஜிச் சொற்களைக் கண்டு குறிக்கும் கருவி) ஆங்கிலத்தில் ‘கோல்ட்’ என்று இருக்கும் ஒரு வரியைப் போட்டேன். சாதாரண சளியோடு, குளிர்ந்த வெப்பநிலை, நாள்பட்ட நுரையீரல் நோய் என்றெல்லாம் வருகிறது. எந்திரம் கெட்டுவிட்டதா?

கெடவில்லை, சொன்னதைத்தான் செய்கிறது. அனொடேட்டர் உங்கள் வரியைப் படித்துப் புரிந்துகொள்கிறது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். உள்ளே இருப்பது ஒரு பெரிய அகராதி: எல்லா ஆன்டாலஜிகளின் முதன்மைப் பெயர்களும் மாற்றுப்பெயர்களும். உங்கள் வரியில் அவற்றில் எது வருகிறது என்று தேடுகிறது, அவ்வளவே. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயின் ஆங்கிலப் பெயரில் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘கோல்ட்’ என்றே வரும், அது மாற்றுப்பெயராகப் பதிவாகியிருக்கிறது, பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசமும் பார்ப்பதில்லை. மூன்றும் மாட்டிக்கொண்டன.

செய்ய வேண்டியது: ஆயிரம் ஆன்டாலஜியிலும் ஓடவிடாதீர்கள், உங்களுக்குத் தேவையான இரண்டு மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். நோய் மட்டும் வேண்டுமென்றால் பொருள் வகையைக் கட்டுப்படுத்துங்கள். மாற்றுப்பெயர்களை ஒதுக்கும் வசதியும் இருக்கிறது, ஆனால் அதை நான் கடைசியில்தான் தொடுவேன். அதை அழுத்தினால் தப்பான ‘கோல்ட்’ போகும், கூடவே சரியான ஐம்பது சுருக்கப்பெயர்களும் போகும்.

‘காய்ச்சல் இல்லை’ என்று இருந்தாலும் காய்ச்சல் என்று குறிக்கிறதே?

அடிப்படை அனொடேட்டர் அப்படித்தான். சொல் இருக்கிறதா என்று பார்க்கும், ‘இல்லை’ என்பதைப் பார்க்காது. சிஃபரில் இதற்கென்று ஒரு அடுக்கு சேர்த்தார்கள்: மறுக்கப்பட்டதா, முன்பு எப்போதோ இருந்ததா, நோயாளிக்கா அல்லது அவருடைய அம்மாவுக்கா என்று மூன்றையும் கவனிக்கும். அதே வசதியை ஆங்கிலத்துக்கும் ‘அனொடேட்டர் பிளஸ்’ என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். மருத்துவக் குறிப்புகளில் நிறைய வரிகள் எது இல்லை என்று சொல்பவைதான், இந்த அடுக்கு இல்லாமல் எண்ணிக்கை எடுத்து அட்டவணை போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

போர்ட்டல் தரும் மேப்பிங்குகளை (ஓர் ஆன்டாலஜியின் கருத்து இன்னொன்றில் எதற்குச் சமம் என்ற இணைப்புகளை) அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டு. பயோபோர்ட்டலில் மேப்பிங்குகள் பல வழியில் உருவாகின்றன. இரண்டு இடத்திலும் ஒரே இணைய முகவரி கொண்ட கருத்து என்றால் கவலையில்லை. ஒரே யுஎம்எல்எஸ் எண் என்றால் பெரும்பாலும் சரி, மனிதர்கள் பார்த்துக் கட்டியது. ‘லூம்’ என்று போட்டிருந்தால் அது பெயர்ப் பொருத்தம் மட்டுமே, இரண்டு பெயர்களும் எழுத்தில் ஒத்துப்போகின்றன என்பதற்குமேல் அது எதுவும் சொல்லவில்லை. ‘நியூக்ளியஸ்’ என்றால் செல்லின் உட்கருவும் உண்டு, மூளைக்குள் இருக்கும் நரம்பணுத் திரளும் உண்டு. இரண்டையும் ஒன்று என்று அட்டவணையில் எழுதிவிட்டு, மூன்று வாரம் கழித்து முடிவுகள் ஏன் கோணலாக வருகின்றன என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒருவர் எனக்கு நன்றாகவே தெரியும், இதை எழுதிக்கொண்டிருப்பது அவர்தான். லூம் வரிகளைக் கண்ணால் பாருங்கள், குறைந்தது நீங்கள் பயன்படுத்தப்போகும் வரிகளையாவது.

ஸ்னோமெட் சிடி பக்கத்தில் டவுன்லோட் பட்டனைக் காணோம்.

இருக்காது. பார்க்கலாம், தேடலாம், மொத்தமாக இறக்க முடியாது, ஏனென்றால் அது உரிமம் உள்ள பொருள். யுஎம்எல்எஸ் உரிமத்துக்கு விண்ணப்பித்தோ உங்கள் நாட்டில் ஸ்னோமெட் வெளியிடும் அமைப்பு வழியாகவோ வாங்குங்கள். போர்ட்டலில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் இலவசம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஒவ்வொன்றின் உரிமத்தையும் தனியாகப் படிக்க வேண்டும்.

என் தரவுக்கு எந்த ஆன்டாலஜி பொருத்தம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ரெக்கமண்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. உங்கள் சொற்களை ஒட்டினால், எவ்வளவு சொற்கள் அகப்படுகின்றன, மற்றவர்கள் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள், விவரம் எவ்வளவு, உங்கள் துறைக்கு எவ்வளவு நெருக்கம் என்ற நான்கையும் பார்த்து வரிசைப்படுத்தும். முதல் அலசலுக்கு நல்லது. ஆனால் எத்தனை சொல் அகப்பட்டது என்பதற்குத்தான் அதிக எடை, அதனால் பெரிய ஆன்டாலஜிகள் எளிதாக மேலே வந்துவிடும். வரிசையில் ஐந்தாவதாக நிற்பதைக்கூடத் திறந்து, கடைசி வெர்ஷன் எப்போது வந்தது, கருத்துகளுக்கு வரையறை எழுதியிருக்கிறார்களா என்று இரண்டே விஷயம் பாருங்கள். ஐந்து வருடமாக அசையாத, வரையறையே இல்லாத ஒன்றை எவ்வளவு மதிப்பெண் வந்தாலும் நான் தொடமாட்டேன்.

மருத்துவமனைக் குறிப்புகளை அனொடேட்டரில் ஒட்டலாமா? பெயரை எடுத்துவிட்டேன்.

கூடாது. பெயரை எடுத்தால் போதும் என்பது பெரிய தப்புக்கணக்கு, தேதியும் அரிய நோயும் சேர்ந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். பயோபோர்ட்டலின் மென்பொருளையே ஆன்டோபோர்ட்டல் என்ற பெயரில் உங்கள் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம், தரவு வெளியே போகாது. இதே மென்பொருளில்தான் வேளாண்மைக்கான அக்ரோபோர்ட்டலும் ஓடுகிறது.

ஏபிஐ (நிரல் எழுதித் தரவு எடுக்கும் வாசல்) வழியாக எடுத்தால் பாதிக் கருத்துகளைக் காணோம்.

ஒரு பக்கத்துக்கு 50 தான் வரும். அடுத்த பக்கத்தைக் கேளுங்கள்.

நானே ஒரு சிறிய சொல்தொகுதி செய்திருக்கிறேன், ஆங்கிலத்தோடு தமிழ்ப் பெயர்களும் உண்டு. ஏற்றலாமா?

தாராளமாக. ஆன்டாலஜிகளை எழுதும் கோப்பு வடிவங்களான ஆவுல் அல்லது ஸ்கோஸில் வைத்து, ஒவ்வொரு பெயரோடும் அது எந்த மொழி என்ற குறியைக் கட்டாயம் சேருங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், அப்படி விட்டால் தமிழ்ப் பெயரும் ஆங்கிலப் பெயரும் கலந்து எது முதன்மை என்று போர்ட்டலுக்குத் தெரியாமல் போகும். பேச்சில் புழங்கும் பெயர்களையும் மாற்றுப்பெயராகப் போடுங்கள், கலைச்சொல் மட்டும் வைத்தால் யாருடைய குறிப்பிலும் அது அகப்படாது. தயாராகும் வரை தனிப்பட்டது என்று வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. அப்புறம், ஏற்றிய அன்றே அனொடேட்டரில் தேடிவிட்டு வரவில்லையே என்று எனக்கு எழுதாதீர்கள், கோப்பைப் படித்து முடித்து அகராதியை மறுபடி கட்டிய பிறகுதான் உங்கள் சொற்கள் அதில் தெரியும்.